திருத்துவதா, துரத்துவதா?
இராணுவக் கல்லூரிகள் எழுத்துத் திருட்டைக் கையாண்ட வரலாறும் நம் வகுப்பறையும்

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர்கள் பார்த்து எழுதுவதையும், பிறர் எழுதியதைத் தம்முடையது என்று ஒப்படைப்பதையும் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் இராணுவக் கல்லூரிகளிலிருந்து தொடங்கப் போகிறேன். என் பள்ளியில் தேசிய மாணவர் படைக்குப் பொறுப்பு அலுவலராக இருப்பதால் அந்தக் கல்லூரிகளைப் பற்றிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. நேர்மையை எழுதப்பட்ட சட்டமாகவே வைத்து, மீறினால் வெளியே அனுப்பிவிடும் கல்வி நிறுவனங்கள் அவை. நமக்கு இல்லாத அதிகாரமெல்லாம் அவர்களுக்கு உண்டு. அங்கேயும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் கொடுத்திருக்கிறார்கள். துரத்திப் பார்த்தார்கள், பிறகு மன்னித்துப் பார்த்தார்கள். இரண்டிலும் அவர்கள் பட்ட அனுபவத்தை நாம் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

தேர்வில் பக்கத்து இருக்கையைப் பார்ப்பதும், கட்டுரையில் மூலத்தைச் சொல்லாமல் விடுவதும் நடைமுறையில் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் உள்ள பொய் ஒன்றுதான். ‘இது நான் யோசித்தது’ என்று அந்தத் தாள் ஆசிரியரிடம் சொல்கிறது; அது உண்மை இல்லை. எனவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

நகலெடுப்பதே வேலையாக உள்ள இடம்

முதலில் ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். இராணுவப் பணியில் நகலெடுப்பது குற்றமில்லை. பல நேரங்களில் அது கடமை. அமெரிக்க இராணுவத்தில் ஒரு நடவடிக்கைக்கான கட்டளை ஐந்து பத்திகளில்தான் எழுதப்படும். சூழ்நிலை, பணி, நிறைவேற்றும் முறை, வழங்கல், தலைமையும் தகவல் தொடர்பும் என்று வரிசை மாறாமல் வர வேண்டும். நள்ளிரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் கட்டளையைப் படிப்பவருக்கு எந்தச் செய்தி எங்கே இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? மேலிடத்துக் கட்டளையில் உள்ள சொற்களைக் கீழே உள்ளவர் தம் விருப்பப்படி மாற்றினால் உயிர் போகும். போன ஆண்டுப் பயிற்சிக்கு எழுதிய கோப்பை எடுத்து, தேதியையும் இடத்தையும் மாற்றி, இந்த ஆண்டுக்குப் பயன்படுத்துவது அங்கே சாதாரண அலுவலக வேலை.

இப்படிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் பணியாற்றிய அதிகாரியைத் திடீரென்று ஓர் உயர் கல்லூரியில் உட்கார வைத்து, ‘உங்கள் சொந்தக் கருத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதுங்கள், எடுத்த இடங்களைக் குறிப்பிடுங்கள்’ என்கிறார்கள். கோப்பு உலகத்தின் பழக்கமும் கல்வி உலகத்தின் விதியும் அங்கே மோதிக்கொள்கின்றன.

இந்த மோதல் வெளிப்படையாகவே ஒருமுறை நடந்தது. 2006 டிசம்பரில் அமெரிக்க இராணுவமும் கடற்படைத் தரைப்பிரிவும் கிளர்ச்சி எதிர்ப்பு பற்றிய கையேடு ஒன்றை வெளியிட்டன. மறு ஆண்டே சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் அதைப் புத்தகமாகக் கொண்டு வந்தது. டேவிட் பிரைஸ் என்ற மானிடவியல் அறிஞர் அதைப் படித்துவிட்டு, பல பகுதிகள் சமூகவியல், மானிடவியல் நூல்களில் இருந்து மேற்கோள் குறி இல்லாமல் எடுக்கப்பட்டவை என்று எடுத்துக்காட்டினார். போர்க்களக் கையேடு ஆய்வு நூல் இல்லை, அதில் அடிக்குறிப்பு போடும் வழக்கமும் இல்லை என்று இராணுவத் தரப்பில் பதில் வந்தது. கையேடாக மட்டும் இருந்தவரை அந்தப் பதிலுக்கு ஓரளவு நியாயம் இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரில் புத்தகமாக வந்தபோது படிப்பவரின் எதிர்பார்ப்பு மாறிவிட்டது.

நம்மிடமும் இந்த இரண்டு உலகங்களும் இருக்கின்றன. விடுப்பு விண்ணப்பத்தை எல்லாக் குழந்தைகளும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்றுதான் கற்றுக்கொடுக்கிறோம். அறிவியல் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை ஆகியவை நாற்பது பேருக்கும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே நோட்டில் காட்சிப்பதிவும் அளவீடும் நாற்பது பேருக்கும் ஒன்றாக இருந்தால் அங்கே சோதனை நடக்கவில்லை. எது பொது, எது சொந்தம் என்ற எல்லைக்கோட்டை நாம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோமா? சொல்லாத விதியை மீறியதாகக் குழந்தையைக் குற்றம் சொல்ல முடியாது.

தெரிந்தவரே செய்தபோது

விதி தெரிந்தவர்களும் மீறுவார்கள். அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரி, கர்னல் நிலையில் உள்ள அதிகாரிகள் படிக்கும் இடம். ஜான் வால்ஷ் என்ற அதிகாரி 2007-இல் அங்கே முதுநிலைப் பட்டத்திற்காக 14 பக்கக் கட்டுரை ஒன்றை அளித்தார். அவர் ஈராக்கில் பணியாற்றியவர். பின்னர் மொன்டானா மாநிலத் தேசியக் காவல் படையின் தலைவராக இருந்து, 2014-இல் அமெரிக்க செனட் உறுப்பினராகவும் ஆனார். அந்த ஆண்டு ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அந்தப் பழைய கட்டுரையை எடுத்துப் பார்த்தது. கட்டுரையின் முடிவில் இருந்த பரிந்துரைகள் கார்னகி அறக்கட்டளையின் ஆவணம் ஒன்றிலிருந்து ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்டவை என்று தெரியவந்தது. ஆகஸ்டில் அவர் தேர்தல் போட்டியிலிருந்து விலகினார். அக்டோபரில் கல்லூரி அவருடைய பட்டத்தைத் திரும்பப் பெற்றது.

இதில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கட்டுரையின் முன்னுரையிலோ வரலாற்றுப் பகுதியிலோ மட்டும் இது நிற்கவில்லை. ‘என்ன செய்ய வேண்டும்’ என்று சொல்லும் பரிந்துரைப் பகுதியே கடன் வாங்கியது. ஓர் அதிகாரியின் தீர்ப்புத் திறனைச் சோதிக்கத்தான் அந்தக் கட்டுரையே கேட்கப்பட்டது. நாளை ஒரு படையை அவர் கையில் கொடுக்கும்போது, அந்தத் திறன் அவரிடம் இருக்கிறது என்று அந்தப் பட்டம் சான்று சொல்லும். எழுத்துத் திருட்டு ஏன் தவறு என்று கேட்கும் மாணவனுக்கு, ‘எழுதியவர் வருத்தப்படுவார்’ என்பதோடு இந்தப் பதிலையும் சேர்த்துச் சொல்லலாம்: ‘உனக்குத் தெரியாததைத் தெரியும் என்று நம்பி, நாளைக்கு ஒருவர் உன்னிடம் ஒரு வேலையை ஒப்படைப்பார்.’

ஒற்றர் அறிக்கையில் உள்ள மேற்கோள்

மூலத்தைக் குறிப்பிடுவது பேராசிரியர்களின் சடங்கு என்று நினைக்கும் இராணுவ மாணவருக்கு, அவருடைய தொழிலிலேயே பதில் இருக்கிறது. உளவுத் தகவல்களை மதிப்பிட ஒரு முறை உண்டு. தகவல் தந்தவர் எவ்வளவு நம்பத்தக்கவர் என்பதற்கு ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஓர் எழுத்து. தகவல் எவ்வளவு உண்மையாக இருக்கக்கூடும் என்பதற்கு 1 முதல் 6 வரை ஓர் எண். பிரிட்டிஷ் கடற்படையில் பிறந்து, நேட்டோ நாடுகளின் படைகளில் இன்றும் இருக்கும் முறை இது. ‘ஆற்றின் அக்கரையில் பீரங்கி இருக்கிறது’ என்ற செய்தி மட்டும் போதாது. யார் பார்த்தார், நேரில் பார்த்தாரா, கேட்டுச் சொன்னாரா என்பது இல்லாமல் அந்தச் செய்தியை வைத்து எவரும் முடிவெடுக்க மாட்டார்கள்.

அடிக்குறிப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. நான் பார்த்தது எது, பிறர் சொன்னது எது, நான் யோசித்தது எது என்று பிரித்துக் காட்டுகிறது. இதை ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கும் சொல்ல முடியும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கட்டளையை வாங்கிக்கொண்டவர் உடனே போய்விடக் கூடாது. ‘என் பணியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன், எப்படிச் செய்யப் போகிறேன்’ என்று தலைவரிடம் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டளை நகலாக இருக்கலாம். புரிதல் நகலாக இருக்கக் கூடாது. அமெரிக்காவின் லெவன்வொர்த் கோட்டையில் உள்ள தலைமைத்துவக் கல்லூரியில் ஆய்வேடு எழுதும் அதிகாரிகளுக்கு வாய்மொழித் தேர்வும் உண்டு. எழுதியவரை எதிரில் உட்கார வைத்துக் கேட்பதைவிட எளிய சோதனை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

துரத்திப் பார்த்தார்கள்

இனி வெஸ்ட் பாயின்ட் கதைக்கு வருகிறேன். 1802-இல் தொடங்கிய அமெரிக்க இராணுவக் கல்லூரி அது. பொய் சொல்லக் கூடாது, ஏமாற்றக் கூடாது, திருடக் கூடாது, அப்படிச் செய்பவரைக் கண்டும் காணாமல் இருக்கக் கூடாது என்பது அங்கே மாணவர் நேர்மை விதி. 1922-இல் டக்ளஸ் மெக்ஆர்தர் கல்லூரியின் தலைவராக இருந்த காலத்தில் இதற்கான மாணவர் குழு முறைப்படி அமைந்தது. நீண்ட காலம் இந்த விதிக்கு ஒரே தண்டனைதான்: கல்லூரியை விட்டு நீக்கம்.

1951-இல் ஏறத்தாழ 90 மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பலர் கால்பந்து அணியினர். பயிற்றுநரின் சொந்த மகனும் அவர்களில் ஒருவர். அவர்கள் எப்படிப் பார்த்து எழுதினார்கள்? மாணவர்கள் இரண்டு பிரிவுகளாக இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு வைத்த அதே வினாத்தாளை அடுத்த நாள் மற்றப் பிரிவுக்கும் வைத்தார்கள். முதல் நாள் எழுதியவர் இரண்டாம் நாள் எழுதுபவரிடம் வினாவைச் சொன்னார். மாணவர்களின் குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘அ’ பிரிவுக்கும் ‘ஆ’ பிரிவுக்கும் அடுத்தடுத்த நாளில் ஒரே வினாத்தாள் வைத்தால் என்ன நடக்கும் என்று இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தண்டனை அடுத்த தலைமுறையைத் திருத்தியதா? 1976-இல், 800-க்கும் மேற்பட்ட மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மின்பொறியியல் பாடத்தில் அறைக்கு எடுத்துச் சென்று எழுதும் தேர்வு ஒன்று கொடுக்கப்பட்டது. தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பது விதி. விடைத்தாள்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல இருந்தன. விசாரணைகளின் முடிவில் 152 பேர் வெளியேறினார்கள்.

அப்போது அரசு, நிலவைச் சுற்றிவந்த அப்போலோ 8 விண்கலத்தின் தலைவரும், அதே கல்லூரியின் பழைய மாணவருமான ஃபிராங்க் போர்மன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் குழு தந்த அறிக்கை, மாணவர்களின் தவறை மறுக்கவில்லை. கல்லூரிக்கும் இதில் பொறுப்பு உண்டு என்றது. நேர்மை விதியைச் சின்னச் சின்ன ஒழுங்கு விதிகளை அமல்படுத்தும் கருவியாகப் பயன்படுத்தியதால் மாணவர்களிடம் அதன் மதிப்பே போய்விட்டது என்றது. எல்லாக் குற்றத்துக்கும் நீக்கம் என்ற ஒரே தண்டனையைக் குறை சொன்னது. வெளியேறியவர்களில் 90-க்கும் மேற்பட்டோர் மறு ஆண்டு திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். நீக்கம் மட்டுமே தண்டனை என்ற நிலை அதோடு முடிந்தது.

ஒரே தண்டனை ஏன் வேலை செய்யவில்லை? நண்பன் ஒரு வரி பார்த்து எழுதியதை நான் பார்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்னால் அவன் வாழ்க்கையே போகும். சொல்லாவிட்டால் நானும் குற்றவாளி. பெரும்பாலான இளைஞர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். ஒருவர் மூடினால் பலர் மூடுவார்கள். தண்டனை கடுமையாக இருக்க இருக்க, அதற்கு முன்னால் எழும் மௌனச் சுவரும் உயரமாகிறது.

இதைவிட வருந்தத்தக்க நிகழ்வும் அங்கே உண்டு. 1971-இல் ஒரு மாணவர், நேரம் முடிந்த பின்னும் விடையை எழுதியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அவர் மறுத்தார். மாணவர் குழு குற்றவாளி என்றது; விசாரணையில் முறைகேடு இருந்ததால் கல்லூரி நிர்வாகம் தீர்ப்பை ரத்து செய்தது. மாணவர்கள் விடவில்லை. அவரோடு யாரும் பேசக் கூடாது என்று ஒதுக்கினார்கள். பத்துப் பேர் உட்காரும் மேசையில் தனியாகச் சாப்பிட்டார். அறையில் தனியாக இருந்தார். 19 மாதங்கள் அப்படியே படித்து, 1973-இல் பட்டம் பெற்றார். அந்த ஆண்டே மாணவர்கள் அந்த ஒதுக்கிவைக்கும் வழக்கத்தைக் கைவிட்டார்கள்.

நம் வகுப்பில் யாரும் இப்படித் தீர்மானம் போடுவதில்லை. ஆனால் ‘இவன் காப்பி அடிச்சவன்’ என்று ஒருமுறை எல்லோர் முன்னும் சொல்லிவிட்டால், மீதியைக் குழந்தைகளே செய்துவிடுவார்கள். ஆண்டு முடியும் வரை அந்தப் பெயர் அவனோடு வரும். அவன் சொந்தமாக நல்ல விடை எழுதினாலும் சந்தேகம்தான். பிறகு எதற்காக அவன் சொந்தமாக எழுத வேண்டும்?

மன்னித்துப் பார்த்தார்கள்

2015-இல் வெஸ்ட் பாயின்ட் வேறு வழியை முயன்றது. தவறு செய்தவர் தாமாக ஒப்புக்கொண்டால் நீக்கம் இல்லை. சீர்திருத்தப் பயிற்சிக்குப் பிறகு தொடரலாம். நல்ல எண்ணம்தான்.

2020 மே மாதம் பெருந்தொற்றால் மாணவர்கள் வீட்டிலிருந்து கணிதத் தேர்வு எழுதினார்கள். திருத்திய ஆசிரியர்கள், பல தாள்களில் ஒரே பிழை இருப்பதைக் கண்டார்கள். 73 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஒருவரைத் தவிர எல்லோரும் முதலாண்டு மாணவர்கள். பிடிபட்ட பிறகு பெரும்பாலானோர் ஒப்புக்கொண்டார்கள். 2021 ஏப்ரலில் முடிவுகள் வந்தன. 8 பேர் நீக்கப்பட்டார்கள். 51 பேர் ஓராண்டு பின்னுக்கு அனுப்பப்பட்டார்கள், அதாவது அந்த ஆண்டை மீண்டும் படிக்க வேண்டும். 6 பேர் தாமாக விலகினார்கள். 4 பேரை மாணவர் குழு குற்றமற்றவர் என விடுவித்தது. ஒப்புக்கொண்டால் தப்பலாம் என்ற அந்தத் திட்டம் நோக்கத்தை நிறைவேற்றவில்லை என்று சொல்லி, கல்லூரி அதைக் கைவிட்டது.

பிடிபட்ட பிறகு சொல்லும் ‘ஆமாம், செய்தேன்’ என்பதும், பிடிபடும் முன் சொல்வதும் ஒன்றில்லை. மன்னிப்பு மிக மலிவாகக் கிடைத்தால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் 51 பேருக்குக் கிடைத்த தண்டனையைக் கவனியுங்கள். துரத்தவும் இல்லை, சும்மா விடவும் இல்லை. செய்யாத வேலையைச் செய்து முடி என்றார்கள். இழப்பு உண்டு, திரும்பி வரும் வழியும் உண்டு. ஏறக்குறைய எழுபது ஆண்டு அனுபவத்தில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் இதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நம் நாட்டு விதியும் இதற்கு அருகில்தான் இருக்கிறது. நீலகிரி வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணிகள் அலுவலர் கல்லூரியில் பயிலும் முப்படை அதிகாரிகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது. பல்கலைக்கழகங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிகள், ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமையைப் படிநிலைகளாகப் பிரிக்கின்றன. 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுத் தடை. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. விழுக்காட்டை மட்டும் வைத்து நேர்மையை அளந்துவிட முடியாது. ஆனாலும் ‘திருத்திக் கொண்டு வா’ என்பதை முதல் படியாக வைத்திருப்பது நல்ல ஆசிரியரின் மனம்.

நம் வகுப்பறையில்

இவற்றிலிருந்து நாம் செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றும் ஐந்தைச் சொல்கிறேன்.

முதலாவது, வயது. தொடக்க வகுப்பில் பார்த்து எழுதுவது ஒரு பயிற்சி. அங்கே ‘திருட்டு’ என்ற சொல்லையே கொண்டுவர வேண்டாம். நான்கு, ஐந்தாம் வகுப்பில் ‘இதை யாரிடம் கேட்டாய், எங்கே படித்தாய்?’ என்று கேட்டுப் பழக்குங்கள். ஆறு முதல் எட்டு வரை, ஒப்படைவின் கடைசியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: பார்த்தது, கேட்டது, படித்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து நூலின் பெயர், ஆசிரியர், பக்கம் என்று முறையாகக் கற்றுக்கொடுக்கலாம்.

இரண்டாவது, வினா. ‘நீர் மாசுபாடு பற்றி நான்கு பக்கம் எழுதுக’ என்றால், நான்கு பக்கம் கிடைக்கும் கடையைத்தான் தேடுவார்கள். ‘உன் தெருவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஒரு வாரம் கவனித்து எழுது’ என்றால் எந்தக் கடையிலும் கிடைக்காது. இரண்டு பிரிவுக்கும் ஒரே வினா வேண்டாம், 1951-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எல்லை. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் சொல்லிவிடுங்கள்: இதில் சேர்ந்து பேசலாம், இதில் தனியாக, இந்தப் பகுதி எல்லோருக்கும் ஒன்று, இந்தப் பகுதி உன்னுடையது.

நான்காவது, திருப்பிச் சொல்லல். நாற்பத்தைந்து பேர் வகுப்பில் எல்லோரையும் கேட்க நேரம் ஏது என்பீர்கள். ஒவ்வொரு ஒப்படைவுக்கும் சீட்டுக் குலுக்கி ஐந்து பேரை மட்டும் அழையுங்கள். இரண்டு நிமிடம், நோட்டைப் பார்க்காமல், தான் எழுதியதைச் சொல்ல வேண்டும். யார் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லோரும் படித்துவிட்டு வருவார்கள். இதைத் தண்டனையாக நடத்தாமல், இராணுவத்தைப் போல் வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, பிடிபட்ட பிறகு. தனியாக அழையுங்கள். ‘ஏன் செய்தாய்’ என்று தொடங்காமல் ‘இதை எப்படிச் செய்தாய்’ என்று தொடங்குங்கள். கதை முழுவதும் வரும். பிறகு அந்த வேலையை மீண்டும் செய்யச் சொல்லுங்கள். மதிப்பெண்ணை அந்தப் புதிய வேலைக்குக் கொடுங்கள். இரண்டாம் முறை என்றால் மதிப்பெண் குறையட்டும், பெற்றோருக்கும் தெரியட்டும். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், தலைமை ஆசிரியருக்குத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புச் செயல்திட்டத்தில் மூன்று பேருடைய நோட்டில் ‘மேலே உள்ள படத்தில் காண்க’ என்று ஒரு வரி இருந்தது. மூன்றிலும் மேலே படம் இல்லை. தனித்தனியாகக் கேட்டேன். ஒருவன் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்துப் பிரிண்ட் எடுத்திருந்தான். ‘தலைப்பைச் சொன்னாப் போதும் சார், அங்க இருக்கிற அண்ணனே எடுத்துத் தந்திடுவார்’ என்றான். செயல்திட்டம் என்றாலே அதுதான் என்று அவன் நம்பியிருந்தான். அவன் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் இல்லை. இன்னொருத்தி நட்புக்காக அந்தத் தாளை வாங்கி எழுதியவள். மூன்றாமவன் நன்றாக எழுதக்கூடியவன், சோம்பல். ஒரே வரி, மூன்று காரணங்கள்.

மூவருக்கும் தெருத் தண்ணீர் வினாவைக் கொடுத்தேன். முதல் மாணவன் அரைப்பக்கம்தான் எழுதினான். மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீர் வருகிறது, குடத்தின் வாயில் அம்மா வெள்ளைத் துணி கட்டுகிறார், துணி மஞ்சளாகிவிடுகிறது என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் நிறைய. கடைசி வரியில் மூலத்தையும் குறிப்பிட்டிருந்தான்: ‘துணி கட்டுவது ஏன் என்று அம்மா சொன்னார். மஞ்சள் ஆனதை நானே பார்த்தேன்.’ எந்தப் போர்க் கல்லூரியும் ஏற்றுக்கொள்ளும் அறிக்கை அது.

இப்போது கைப்பேசியில் கேட்டால் செயற்கை நுண்ணறிவு முழுக் கட்டுரையையே எழுதிக் கொடுக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைத் தேடி ஓடுவதால் பயனில்லை. அந்த மென்பொருள்கள் தவறாகவும் சொல்கின்றன. செய்யாத குற்றத்துக்கு ஒரு குழந்தையை நிறுத்தி வைப்பது பெரிய பாவம். உள்ளூர் வினாவும், மூல வரியும், இரண்டு நிமிடத் திருப்பிச் சொல்லலும் இதற்கும் பொருந்தும். கைப்பேசியிடம் கேட்டிருந்தால் ‘கைப்பேசியிடம் கேட்டேன்’ என்று எழுதட்டும். அப்படி எழுதும் தைரியம் அவனுக்கு வர வேண்டும் என்றால், எழுதியதற்காக நாம் அவனை அவமானப்படுத்த மாட்டோம் என்ற நம்பிக்கை முதலில் வர வேண்டும்.

வருகிற பருவத்தில் நீங்கள் கொடுக்கப்போகும் முதல் ஒப்படைவை மட்டும் இன்று மாலை எடுத்துப் பாருங்கள். ஜெராக்ஸ் கடையில் விடை கிடைக்கும் வினாவாக இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். மற்றவை அதன் பின்னால் வரும்.